மகனுக்கு இரவு நேர மூச்சிரைப்பு: காற்றுத் தூய்மைக் கருவி வாங்குவதற்கு முன் வீட்டில் எதைச் சரிசெய்ய வேண்டும்?

கேள்வி: மடிப்பாக்கம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் அடுக்ககம் ஒன்றின் இரண்டாம் தளத்தில், ஏறத்தாழ 850 சதுர அடி வீட்டில், நான், கணவர், 6 வயது மகன், என் மாமியார் ஆகிய நால்வரும் வசிக்கிறோம். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து மகனுக்கு இரவில் இருமல் இருக்கிறது. கார்த்திகையில் மட்டும் மூன்று முறை மூச்சிரைப்பு அதிகமாகி நெபுலைசர் வைக்க வேண்டியதாயிற்று. குழந்தை மருத்துவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்ததோடு, வீட்டுக்குள் இருக்கும் காற்றையும் கவனிக்கும்படி சொன்னார். பள்ளியில் பகல் முழுவதும் ஓடியாடுகிறவன், நள்ளிரவுக்கு மேல்தான் இருமத் தொடங்குகிறான் என்பதால் எனக்கும் படுக்கையறையின் மேல்தான் சந்தேகம்.

வீட்டின் நிலையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதன் ஒரே ஜன்னல் தெருவைப் பார்த்தது. கொசுவுக்கும் தூசிக்கும் பயந்து அதைத் திறப்பதே இல்லை. இரவில் ஏ.சி. ஓடும், கதவும் சாத்தியிருக்கும். மாலை ஆறு மணிக்குக் கூடத்தில் கொசுவர்த்திச் சுருள் ஏற்றுவோம். பூஜைக்குத் தினமும் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. சமையலறையில் சிம்னி இருக்கிறது, ஆனால் வெளியே செல்லும் குழாய் இல்லை. கட்டிலுக்குப் பின்னால் உள்ள சுவர் குளியலறையை ஒட்டியது; அதன் அடிப்பகுதியில் கருமையாகப் பூசணம் படர்ந்திருந்ததால் புரட்டாசியில் புதிதாகப் பெயிண்ட் அடித்தோம், இரண்டு மாதத்தில் மீண்டும் வந்துவிட்டது. பீரோவில் பாச்சை உருண்டை போட்டிருக்கிறோம்.

கடையில் விசாரித்தபோது, 18,000 ரூபாய்க்கு ஒரு காற்றுத் தூய்மைக் கருவியை வாங்கி வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றார்கள். வாங்கலாமா? தொட்டிச் செடிகள் வைத்தால் காற்று சுத்தமாகும் என்று சிலர் சொல்வதும் உண்மையா? அனுபவமும் விவரமும் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: மதுரை நுரையீரல் மருத்துவர்

அம்மா, முதலில் ஒன்று. வீட்டில் எந்த மாற்றத்தைச் செய்தாலும், மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை அவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். காற்றைச் சீராக்குவது மருந்தின் வேலையை எளிதாக்கும், அதற்கு மாற்றாகாது.

உங்கள் பட்டியலில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது கொசுவர்த்திச் சுருள்தான். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சுருள் முழுதாக எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகளின் எடை, சுருளின் வகையைப் பொறுத்து, 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகையில் இருப்பதற்குச் சமம் என்று அளந்து காட்டினார்கள். சுருளில் பூச்சிக்கொல்லி மருந்து மிகச் சிறிய பங்குதான். மீதியெல்லாம் மரத்தூள், தேங்காய்ச் சிரட்டைத்தூள் போன்ற கனன்று எரியும் பொருள்கள். ஆகவே வீட்டுக்குள் ஒரு சிறு விறகடுப்பை இரவெல்லாம் புகையவிடுவதைப் போன்றதுதான் இது. கூடத்தில்தானே ஏற்றுகிறோம் என்று நினைக்க வேண்டாம். பி.எம். 2.5 எனப்படும் துகள்கள் 2.5 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான அளவுடையவை. அவை அறைக்கு அறை காற்றோடு போகும், மூச்சுக்குழாயின் கடைசிக் கிளைவரை இறங்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் திருத்திய வழிகாட்டுதலின்படி, ஒரு நாள் சராசரி ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இந்தியாவின் வெளிக்காற்றுத் தர அளவுகோல் 60. சுருள் எரியும் மூடிய அறை இவ்விரண்டையும் எளிதாகத் தாண்டிவிடும். ஊதுபத்தியும் சாம்பிராணியும் எரியும் நேரம் குறைவு என்றாலும் அதே வகைப் புகைதான்.

சுருளுக்குப் பதிலாகத் திரவ மருந்தைச் சூடாக்கி ஆவியாக்கும் மின்கருவி வைத்தால் புகை இராது என்பது சரிதான். ஆனால் இரவெல்லாம் பூச்சிக்கொல்லி ஆவியைத்தான் குழந்தை சுவாசிக்கிறான். கட்டிலுக்குக் கொசுவலை கட்டுவதும், ஜன்னல்களுக்கு வலை அடிப்பதும்தான் நான் நோயாளிகளின் பெற்றோருக்குச் சொல்லும் வழி. டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது என்பதால் ஜன்னல் வலை அதற்கும் உதவும்.

இரண்டாவது, படுக்கை. நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று வாழும் தூசிப்பேன், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அதன் கழிவுதான் பல குழந்தைகளுக்கு இழுப்பைத் தூண்டுகிறது. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அது பிழைப்பது கடினம். சென்னையின் மழைக்காலம் அதற்கு நேர்மாறு. தலையணை உறை, படுக்கை விரிப்பு, போர்வை ஆகியவற்றை வாரம் ஒருமுறை 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் துவையுங்கள். இலவம் பஞ்சு மெத்தையாக இருந்தால் வெயில் கிடைக்கும் நாள்களில் மொட்டை மாடியில் போட்டுக் காய வைத்து, அங்கேயே தட்டிவிட்டுக் கொண்டு வாருங்கள். கட்டிலில் இருக்கும் துணிப் பொம்மைகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பாச்சை உருண்டையை இன்றே எடுத்துவிடுங்கள். அது நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவியே சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். பாச்சை உருண்டையோடு வைத்திருந்த துணியைப் போர்த்தியதால் மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங்குழந்தைகள் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் அதைப் புற்றுநோயைத் தூண்டக் கூடியவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது. நன்கு காய்ந்த துணியை அடுக்கினால் பீரோவில் பூச்சி வருவதே குறைந்துவிடும்.

பதில்: ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்

மருத்துவர் சொன்னவற்றோடு சுவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டின் மூலக் கோளாறு அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஓதம் ஏறிய சுவரின் மேல் பெயிண்ட் அடிப்பது புண்ணின் மேல் துணி சுற்றுவதைப் போன்றது. ஈரம் உள்ளே இருக்கும் வரை பூசணம் திரும்பத் திரும்ப வரும். பிளாஸ்டிக் எமல்ஷன் வகைப் பெயிண்டாக இருந்தால் ஈரம் வெளியேறவும் வழியில்லாமல் கொப்புளமாக உப்பிக் கிளம்பும்.

குளியலறையை ஒட்டிய சுவரின் அடிப்பகுதியில் மட்டும் கருமை படர்கிறது என்றால், மூன்று இடங்களில் ஒன்றில் கசிவு இருக்க வாய்ப்பு உண்டு: டைல்களுக்கு இடையே உள்ள பூச்சு உதிர்ந்திருக்கலாம், தரையில் தண்ணீர் வடியும் நஹானி ட்ராப்பைச் சுற்றி விரிசல் விட்டிருக்கலாம், சுவருக்குள் ஓடும் குழாயின் இணைப்பில் நீர் கசியலாம். முதல் இரண்டையும் நீங்களே சோதிக்கலாம். வடிகாலைத் துணியால் அடைத்துக் குளியலறைத் தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் தேக்கி ஒரு நாள் வைத்திருந்து, தேங்கிய மட்டம் குறைகிறதா, பின்சுவரில் ஈரம் கூடுகிறதா, கீழ் வீட்டுக் கூரையில் நனைவு தெரிகிறதா என்று பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் குழாயைத்தான் சந்தேகிக்க வேண்டும். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, ஒரு பிளம்பரை வைத்து அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். கசிவை அடைத்த பிறகு அந்தப் பகுதியின் பழைய பூச்சை இரண்டு அடி உயரம் வரை கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லை வாரக்கணக்கில் காயவிட்டுத்தான் மறுபூச்சு பூச வேண்டும். இதில் அவசரப்பட்டுத்தான் பலர் செலவை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார்கள். கட்டிலையும் இப்போதே சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிப் போடுங்கள்.

அதுவரை பூசணத்தைத் துடைக்க நேர்ந்தால், மகன் வீட்டில் இல்லாத நேரத்தில், மூக்கை மூடும் முகக்கவசம் அணிந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துக்கள் அறை முழுவதும் பறக்கும். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: கறை போக வேண்டும் என்று பிளீச்சிங் பவுடரையும் குளியலறை ஆசிட்டையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்; மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. எரிவாயுவில் ஓடும் கீசர் குளியலறைக்குள் இருந்தால் அதையும் வெளியே மாற்றிவிடுங்கள். காற்றோட்டமில்லாத அறையில் அது வெளிவிடும் கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாமல் மயக்கிக் கொல்லும்.

இனி காற்றோட்டம். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருகிறது என்று பலரும் நம்புகிறார்கள். அது அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்ப இழுத்துக் குளிர்விக்கிறது. அதன் வலை பெரிய தூசியைத் தடுக்குமே தவிர நுண்துகளைத் தடுக்காது. நம் பழைய வீடுகளில் நடுவே முற்றமும், ஜன்னலுக்கு மேலே கூரையை ஒட்டி மூடாத வென்டிலேட்டரும் இருந்தன. சூடான காற்று மேலே போய் வெளியேற, கீழே இருந்து புதுக்காற்று வந்துகொண்டே இருந்தது. அடுக்ககங்களில் அந்த வழியை அடைத்துவிட்டோம். ஆகவே ஜன்னலுக்கு நைலான் வலையை வெல்க்ரோவால் ஒட்டி, கூடத்து ஜன்னலையும் படுக்கையறை ஜன்னலையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால்தான் காற்று வீட்டுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் பயன் குறைவு. வலையை மாதம் ஒருமுறை கழுவுங்கள். தூசி படிந்த வலை பாதிக் காற்றைத் தடுத்துவிடும்.

சிம்னி விஷயத்தில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: குழாய் இல்லாத சிம்னி எண்ணெய்ப் பிசுக்கையும் ஓரளவு வாடையையும்தான் பிடிக்கும். எரிவாயு அடுப்பில் உண்டாகும் நைட்ரஜன் டைஆக்சைடு சமையலறைக்குள்ளேயே சுற்றும். மூச்சிரைப்பு உள்ள குழந்தைக்கு அது ஆகாது. வளைவுகள் குறைவாக ஒரு குழாயை வெளிச்சுவர் வரை கொண்டு போக முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அடுப்புக்கு மேலே எக்ஸாஸ்ட் விசிறி போதும். ஆனால் அது வெளியேற்றும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டுமல்லவா? கூடத்து ஜன்னலைத் திறந்து வைத்தே அதைப் போடுங்கள், அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள்.

பதில்: வேளச்சேரி அளவீட்டாளர்

பொறியாளர் ஐயா சொன்னதில் நேரத்தைப் பற்றி மட்டும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எங்கள் வீடு பெருஞ்சாலையை ஒட்டியது. நுண்துகளை அளக்கும் சிறு கருவி ஒன்றையும், கரியமில வாயுவை அளக்கும் இன்னொன்றையும் ஓராண்டாக வைத்திருக்கிறேன். ஜன்னலை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்பது சென்னையில் மார்கழி, தை மாதங்களுக்குப் பொருந்தாது. குளிர்ந்த விடியலில் தரையை ஒட்டிய காற்று மேலே எழாமல் தேங்கி நிற்கும். வாகனப் புகையும் குப்பை எரிப்பதால் வரும் புகையும் அதிலேயே சுழலும். வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் அது கலைகிறது. பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று வீசத் தொடங்கியதும் எங்கள் வீட்டில் அளவு நாளிலேயே மிகக் குறைவாக இறங்கும். எனவே நான் பதினொரு மணிக்குப் பிறகு திறந்து, கொசு வருவதற்கு முன் ஐந்தரை மணிக்குள் சாத்துகிறேன். போகி விடியலிலும் தீபாவளி இரவிலும் திறப்பதே இல்லை. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு நாள் கணக்கில் எரிந்தபோதும் அப்படித்தான் இருந்தோம்.

என் கருவியில் பார்த்தவற்றைச் சொல்கிறேன். என் வீட்டு அளவுகள் என்பதால் உங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. சாதாரணப் பிற்பகலில் கன மீட்டருக்கு 20 மைக்ரோகிராமை ஒட்டியிருக்கும் நுண்துகள் அளவு, அப்பளம் பொரிக்கும்போதும் மிளகாய் தாளிக்கும்போதும் 300-ஐத் தாண்டும். ஜன்னலும் விசிறியும் இருந்தால் அரை மணியில் இறங்கிவிடும், இல்லாவிட்டால் இரண்டு மணி நேரமாகும். மழை நாள்களில் இந்த வகைக் கருவிகள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஈரத்தில் துகள்கள் ஊதிப் பெரிதாவதே காரணம். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

என்னை உண்மையில் மாற்றியது கரியமில வாயுக் கருவி. வெளிக்காற்றில் அது ஏறத்தாழ 420 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு, இருக்கும். மூவர் தூங்கும், கதவு சாத்திய எங்கள் ஏ.சி. அறையில் அதிகாலை நான்கு மணிக்கு 2,600 காட்டியது. அந்த வாயு அந்த அளவில் நஞ்சு என்று சொல்ல வரவில்லை. ஒருவர் வெளிவிட்ட மூச்சையே மற்றவர் இழுத்துக்கொண்டிருக்கிறோம், புதுக்காற்று வரவே இல்லை என்பதை அது காட்டுகிறது. அறைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்து, கூடத்து ஜன்னலை வலையோடு திறந்து வைத்தேன். அளவு பாதியாகக் குறைந்தது. மின்கட்டணம் சற்று ஏறுகிறது, ஏற்றுக்கொள்கிறேன்.

இனி காற்றுத் தூய்மைக் கருவி. அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதில் இருக்கும் ஹெப்பா என்ற நுண்துகள் வடிகட்டி, பிடிப்பதற்கே கடினமான 0.3 மைக்ரான் துகள்களிலும் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கிறது. ஆனால் அது ஈரத்தை எடுக்காது, கரியமில வாயுவை எடுக்காது, சுவரின் பூசணத்தைத் தடுக்காது. இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் தெருத்தூசி தொந்தரவாக இருந்தால் வாங்குங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் சதுர அடியை நம்பாமல் சி.ஏ.டி.ஆர். என்ற அளவைக் கேளுங்கள்; ஒரு மணி நேரத்தில் அது எவ்வளவு தூய காற்றைத் தருகிறது என்பதே அது. உங்கள் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, உயரம் பத்தடி என்றால் ஏறத்தாழ 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுழல வேண்டுமானால் 170 கன மீட்டர் தேவை. அதுவும் இரவில் சத்தமில்லாத குறைந்த வேகத்தில் கிடைக்க வேண்டும் என்பதால் 250-க்கு மேல் உள்ளதாகப் பார்ப்பது நல்லது. அயனி, ஓசோன் என்று விளம்பரப்படுத்தும் கருவிகளைத் தவிர்த்துவிடுங்கள். ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். மாற்று வடிகட்டியின் விலையையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

செடிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1989-இல் நாசா செய்த சோதனையிலிருந்துதான் அந்த நம்பிக்கை பரவியது. அது காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் செய்யப்பட்டது. 2019-இல் அத்தகைய சோதனைகளையெல்லாம் தொகுத்துக் கணக்கிட்ட ஆய்வாளர்கள், ஒரு சாதாரணக் கட்டடத்தின் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடிகளாவது வேண்டும் என்று கண்டார்கள். அழகுக்காக வையுங்கள், ஆனால் இப்போது படுக்கையறைக்குள் வேண்டாம். ஈரமான மண் உங்கள் பூசணப் பிரச்சினையைக் கூட்டக்கூடும்.

பதில்: தஞ்சாவூர்ப் பாட்டி

மகளே, எல்லோரும் கருவியையும் கணக்கையும் சொல்லிவிட்டார்கள். ஊதுபத்தி, சாம்பிராணி விஷயத்தில் உன் மாமியாரிடம் எப்படிப் பேசுவது என்றுதான் நீ தயங்குவாய் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நானும் ஒரு மாமியார்தான். என் தாயார் விறகடுப்பில் முப்பது ஆண்டுகள் சமைத்தார். கடைசிக் காலத்தில் ஐந்து படி ஏறினால் மூச்சு வாங்கும். பீடி, சிகரெட்டைத் தொடாதவருக்கு ஏன் இப்படி என்று கேட்டபோது, அடுப்புப் புகைதான் என்று மருத்துவர் சொன்னார். அன்றிலிருந்து புகை என்றால் எனக்குப் பயம். என் பேத்திக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு, முடி காய்வதற்குச் சாம்பிராணி காட்டும் வழக்கத்தை நானே நிறுத்தினேன்.

வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் விளக்கு ஏற்றட்டும், பூ வைக்கட்டும், வாசலில் கோலம் போடட்டும். ஊதுபத்தியைப் பால்கனியில் துளசி மாடத்தருகே ஏற்றச் சொல். பேரனின் இருமல் சத்தத்தை இரவில் அவரும் கேட்டுக்கொண்டுதானே படுத்திருக்கிறார். நேரில் உட்கார்ந்து, மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னால் மறுக்க மாட்டார்.

மறுபதிவு: மடிப்பாக்கம் வாசகி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் சொன்ன ஒவ்வொருவருக்கும் நன்றி. சுருளை நிறுத்தி, எல்லா ஜன்னலுக்கும் 3,200 ரூபாய் செலவில் வலை அடித்தோம். கட்டிலுக்குக் கொசுவலையும் கட்டிவிட்டோம். பாச்சை உருண்டை போய்விட்டது. பாட்டியம்மா சொன்னபடி மாமியாரிடம் பேசினேன். மறுநாளே ஊதுபத்தி ஸ்டாண்டை அவரே பால்கனிக்குக் கொண்டு போய் வைத்தார். குளியலறையில் தண்ணீர் தேக்கிப் பார்த்தபோது மட்டம் குறையவில்லை. பிளம்பர் அழுத்தச் சோதனை செய்து, கைப்பிடிக் குழாய்க்குப் பின்னால் இருந்த இணைப்பில் கசிவைக் கண்டுபிடித்தார். சுவரைக் கொத்திப் போட்டிருக்கிறோம். மகன் இப்போது என் மாமியாரோடு கூடத்தில் படுக்கிறான். தினமும் இருந்த இருமல் இப்போது வாரத்தில் இரண்டு இரவுகள்தான். இன்ஹேலரைத் தொடர்கிறோம். கருவி வாங்குவதைத் தள்ளி வைத்திருக்கிறோம்.

ஒரே ஒரு சந்தேகம். மறுபூச்சு முடிந்து பெயிண்ட் அடித்தால் அதன் நெடி அவனுக்கு ஆகுமா? எப்போது அவனை அந்த அறையில் படுக்க வைக்கலாம்?

பதில்: ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்

நல்ல செய்தி, அம்மா. செங்கல் முழுவதும் காய்ந்துவிட்டதா என்று பார்க்க, ஓர் அடி நீள பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். பூச்சு பூசிய பிறகும் அதே சோதனையைச் செய்யுங்கள். தண்ணீரில் கரையும், வி.ஓ.சி. (காற்றில் ஆவியாகும் வேதிப்பொருள்கள்) குறைந்த பெயிண்டையே கேட்டு வாங்குங்கள். டர்பன்டைன் கலக்கும் எனாமல் வகை அந்த அறைக்கு வேண்டாம். அடித்த பிறகு ஜன்னலைத் திறந்து விசிறியை ஓடவிட்டு, குறைந்தது இரண்டு வாரம் ஆறப்போடுங்கள். அறையை ஓர் இரவு முழுவதும் மூடி வைத்துவிட்டு, காலையில் திறந்து நுழையும்போது நெடி சிறிதும் தெரியவில்லை என்றால் மகனைப் படுக்க வைக்கலாம். ப்ளைவுட் அலமாரி எதுவும் புதிதாகச் செய்வதாக இருந்தால் இந்தச் சமயத்தில் வேண்டாம். அதன் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு மாதக்கணக்கில் வெளிவரும்.